நண்பகலின் விலை

பன்னிரண்டே கால்.
அட்டகாமாவில் வெயிலுக்கு விலையில்லை.
உவமையாகச் சொல்லவில்லை:
சந்தைத் திரையில் பூஜ்ஜியம்,
புள்ளிக்குப் பின்னும் இரண்டு பூஜ்ஜியம்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைக்கிறேன்:
"யானிரா, நூற்றெண்பது மெகாவாட் குறைத்துக்கொள்."
ஏன் என்று அவள் கேட்பதில்லை.
முதல் வருடம் கேட்டாள்.
தெற்கே போகும் கம்பி நிரம்பிவிட்டது,
சந்தியாகோவுக்கு இதற்குமேல் பசியில்லை, அவ்வளவுதான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இங்கே ஆறு இல்லை.
அளவு மட்டும் உண்டு,
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை,
என் கையெழுத்தோடு.

ராத்திரி எட்டரைக்கு
அடுப்பும் டிவியும் ஒன்றாய்க் கண்விழிக்கும்.
கடற்கரையில் டீசல் எந்திரம் இருமிக்கொண்டு எழும்.
விலை இரண்டிரண்டு படியாய்த் தாவும்.
மதியம் கொட்டியதில் ஒரு கை இருந்தால்
அது தூங்கியிருக்கும்.

அமைச்சகத்தின் வரைவு நேற்று வந்தது.
நூற்று நாற்பது பக்கம், கருத்துச் சொல்ல முப்பது நாள்.
பதினான்காம் பிரிவு:
மின்கலத்தில் நண்பகலை அடைத்து
இருட்டும்வரை தொடாமல் காத்திருப்பவருக்கு
காத்திருந்ததற்காகவே மாதப்படி.
வரைவில் இவ்வளவு நேராக இல்லை;
மூன்று அரைப்புள்ளி, ஒரு "ஏற்கத்தக்க".
யாருக்கு என்று இல்லை.

எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும்?
நான்கு என்கிறது வரைவு.
பென்சிலால் ஐந்து என்று திருத்தினேன்.
ஜூலையில் சீக்கிரமே மசங்கிவிடும்,
எழுதியவருக்கும் அது தெரியும்.
ஐந்தாவது மணிக்கு யார் பில் கட்டுவது,
அதுதான் தெரியாது.
எனக்கும்.

என் மைத்துனன் ஒஸ்வால்தோ
மூடப்போகும் நிலக்கரி ஆலையில் கொதிகலன்காரன்.
பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டான்:
"காத்திருக்கிற பெட்டிக்குச் சம்பளம், சரி.
காத்திருக்கிற ஆளுக்கு எந்தப் பிரிவு?"

தேடினேன்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்பில்,
"பிற" என்று இருந்தது.

ஐந்தை அழிக்கவில்லை.
அதன் கீழே அவன் கேள்வியை
அவன் சொன்ன மாதிரியே எழுதினேன்,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லாததால்
ஓரத்தில், தாளைத் திருப்பிப் பிடித்து.

ஆறே கால். யானிரா அழைக்கிறாள்.
"இப்போது வேண்டுமா?"
சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.
வேண்டும். விலை எழுபதைத் தாண்டிவிட்டது.
அவள் பக்கம் பலகைகள் எல்லாம்
மேற்கே முகம் திருப்பி நிற்கின்றன,
கடலில் இறங்கிவிட்ட ஒன்றைப் பார்த்தபடி.