அறை இயங்கும் முறை

பிர்க்கோ,
திங்கள்கிழமை முதல் இந்தச் சாவிகள் உன்னிடம்.
ஓவ்லு மருத்துவமனையின் அடித்தளம்,
சன்னல் இல்லாத கிருமிநீக்க அறை.
மேலே பனி கொட்டுகிறதா விட்டதா என்பது
உள்ளே வருகிறவர்களின் செருப்பு ஈரத்தில்தான் தெரியும்.

இயந்திரங்களைப் பற்றிக் கோப்பில் இருக்கிறது.
கோப்பில் இல்லாததை எழுதுகிறேன்.

மூன்றாவது மேசைக்கு மேலிருந்த குழல்விளக்கை
மார்ச் ஆறாம் தேதி மாற்றினோம்.
அது ரீங்கரிக்கிறது என்று ஓஸ்மோ சொன்னபோது
மின்பணியாளர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்,
ஒன்றுமில்லை என்றார், சிரித்தார்.
மாற்றிய அன்று
பதினேழு வருடமாக இங்கே வேலை பார்க்கும் நான்
முதல் தடவையாகத் தலைவலி இல்லாமல் வீடு போனேன்.

‘கொஞ்ச நேரத்தில் வருகிறேன்’ என்று சொல்லாதே.
‘பதினொன்று இருபதுக்கு’ என்று சொல்.
பதினொன்று இருபதுக்கே வா.
இதைப் படிக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.

நேர்காணலில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றேன்.
‘எனக்குத் தெரிய வழியில்லை’ என்றார்.
உண்மைக்கு மதிப்பெண் போட
என் படிவத்தில் கட்டம் இல்லை.
கூட வந்திருந்த வேலைத்துணையாளர் கைசு
மெல்லக் கேட்டாள்:
பேச்சை விடுங்கள், ஒரு தட்டைக் கொடுத்துப் பார்க்கலாமா?

கொடுத்தேன்.
நாற்பத்திரண்டு கருவிகள்.
அவர் கைகள் அவசரப்படவில்லை, தயங்கவுமில்லை.
இருபத்தொன்பதாவது இடுக்கியை மட்டும்
துணிக்கு வெளியே தள்ளி வைத்தார்.
கீலின் உள்வளைவில்
முடியிழை போல ஒரு விரிசல்.
அது காலையில் நான் சோதித்து
முத்திரை குத்திய தட்டு.

பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.
ஆறே மாதத்தில், திறமைக்குப் பரிசு என்று
தொலைபேசிப் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன்.
நான்கு அறுவை அரங்குகளும் சேர்ந்து கத்தும் தொலைபேசி.
மூன்றாம் நாள்
மேலங்கியை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
பதினோரு நாள் வரவில்லை.
‘இவரால் முடியவில்லை’ என்று
மேலிடத்துக்கு எழுதத் தொடங்கினேன்.
அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.
எடுக்க எனக்கே கை வரவில்லை.

அந்தக் காகிதத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் அவருக்கு எழுதினேன்:
தொலைபேசி உங்களுக்கு இல்லை.
மூன்றாவது மேசை உங்களுடையது.
செவ்வாய், காலை ஏழு.

செவ்வாய் ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கதவுக்கு வெளியே நின்றார்.
ஏழுக்கு உள்ளே வந்தார்.

தட்டு நிறைந்ததும் இரண்டு சுரம் முனகுவார்.
நிறுத்தச் சொல்லாதே.
அந்த ஒலி வராத தட்டை
நாங்கள் யாரும் மேலே அனுப்புவதில்லை.

வேலை பிடித்திருக்கிறதா என்று போன வாரம் கேட்டேன்.
நெடுநேரம் யோசித்தார்.
‘முழுசாகப் போகிறது, முழுசாகத் திரும்பி வருகிறது.
நடுவில் ஒருவர் பிழைத்துக்கொள்கிறார்’ என்றார்.
பிறகு, ‘வியாழனும் வர முடியுமா?’
சம்பளப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். நீ விடாமல் கேள்.

இந்தக் குறிப்பை அவரிடம் காட்டினேன்.
அவரைப் பற்றியது
அவருக்குத் தெரியாமல் கைமாறக் கூடாது இல்லையா.
பென்சிலில் மூன்று திருத்தங்கள் வந்தன.

விளக்கு மாற்றியது மார்ச் ஒன்பது.
(மேலே ஆறு என்றே விட்டிருக்கிறேன், நீ மாற்றிக்கொள்.)

‘மனிதர்களோடு பழகப் பிடிக்காது’ என்றொரு வரி இருந்தது.
அடித்துவிட்டு எழுதியிருந்தார்:
‘மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசினால் பிடிக்காது.
ஒருவர் பேசினால் பிடிக்கும்.
ரெய்யோவின் மீன்பிடிக் கதைகள் மிகவும் பிடிக்கும்,
மீனின் அளவு ஒவ்வொரு முறையும் மாறினாலும்.’

மூன்றாவது, தலைப்பு.
‘ஓஸ்மோவுக்குச் செய்ய வேண்டிய உதவிகள்’ என்று போட்டிருந்தேன்.
அதன்மேல் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு.
கீழே, அவருடைய பொடி எழுத்தில்,
நீ முதலில் படித்த தலைப்பு.