டன்னுக்கு எவ்வளவு

இரவு இரண்டேகால். குவிமாடம் திறந்திருக்கிறது.
டோர்பென் நான்காவது கோப்பைத் தேநீரில்
சர்க்கரை போட மறந்துவிட்டான்.
தொலைநோக்கியை ஓட்டுகிறவள் நான், யாஸ்னா.
கட்டுரையில் என் பெயர் வராது,
கடைசிப் பக்கத்து நன்றியில் 'இரவுப் பணியாளர்கள்' என்று வரும்.
போகட்டும். கண்ணாடியைத் திருப்புவது நான்தான்.

இன்றைய நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது,
எண்தான், கைதிக்குக்கூட
இத்தனை இலக்கம் தரமாட்டார்கள்.
அதன் ஒளியை நாற்பது நிமிடம்
சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பிரித்தால்
ஊதாவிலிருந்து சிவப்பு வரை நீளும் பட்டை,
நடுநடுவே கருவரிகள்.
வந்த ஒளியில் ஒன்றுமில்லை,
வராமல் போனதில்தான் சேதி.
இது இரும்பு கடித்த இடம், அது கால்சியம்.
தனக்கு வேண்டிய நிறத்தை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அனுப்பியிருக்கிறது ஒவ்வொன்றும்.
பல் பதிந்த ஆழத்தை அளப்பது எங்கள் பிழைப்பு.

ஹீலியத்தைத் தாண்டினால் இவர்களுக்கு எல்லாமே உலோகம்.
ஆக்சிஜன் உலோகம். கரியும் உலோகம்.
அப்பா சிரித்தார்.
சுக்கிக்கமாத்தா செம்புச் சுரங்கத்தில்
முப்பத்தொரு வருடம்
கல்லை அரைத்து, அமிலத்தில் கரைத்து
'டன்னுக்கு இவ்வளவு' என்று எழுதிக் கொடுத்தவர்.
உன் கிழட்டு நட்சத்திரத்தில் டன்னுக்கு எவ்வளவு?
சூரியனில் ஆயிரம் பங்கு இரும்பென்றால்
அதில் ஒரு பங்கு, என்றேன்.
மூடிவிடுங்கள் அந்தச் சுரங்கத்தை, என்றார்.

ஆனால் இல்லாமைதான் இங்கே வயதுச் சான்றிதழ்.
அது பிறந்தபோது ஊரில் இரும்பே இல்லை,
முதலில் செத்தவை சிதறிய தூளில் ஏதோ சிட்டிகை.
பின்னால் வந்ததெல்லாம் வாரிசுச் சொத்தில் கொழுத்தவை,
நம் சூரியனையும் சேர்த்து.

இரண்டு ஐம்பது.
நீலத்தில் ஒரு வரி, இருக்கக்கூடாத ஆழத்தில்.
யூரோப்பியம், என்றான் டோர்பென்,
கூடவே டேனிஷில் ஒரு கெட்ட வார்த்தை.
இரும்பில் ஓட்டாண்டி,
யூரோப்பியத்தில் மிராசுதார்!
காஸ்மிக் கதிர் பட்ட தழும்பாக இருக்கும், என்றேன்.
இன்னொரு நாற்பது நிமிடம்.
தழும்பென்றால் அதே இடத்தில் மறுபடி விழாது.
விழுந்திருந்தது.

எங்கோ ஒரு குட்டி அண்டத்தில்
செத்த நட்சத்திரங்கள் இரண்டு மோதியிருக்கின்றன.
அந்தச் சாம்பலில் பிறந்தது இது.
பிறகு பால்வெளி அந்த ஊரை விழுங்கியது,
விழுங்கியவள் ஒரு பக்கம் சுற்ற
இது இன்னும் எதிர்ப்பக்கம் நடக்கிறது.
தோரியம் தெளிந்தால் வயது சொல்லலாம்.
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு,
கூடக்குறைய இருநூற்றைம்பது கோடி.
பூமியின் வாழ்நாளில் பாதிக்குமேல்
அந்தக் 'கூடக்குறைய'வில் காணாமல் போகிறது.

சுரங்கத்தில் வருடம் ஒருமுறை
ஆட்களின் கால்நகத்தை வெட்டி வாங்குவார்கள்.
உறையில் பெயர், தேதி.
அந்தோஃபகாஸ்தாவிலிருந்து தாள் வரும்:
ஆர்சனிக், இவ்வளவு.
பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் ஒட்டிய குறி.
எனக்கு அப்போது பதினொன்று.
அம்மா கழித்தலை மட்டும் விரலால் தொட்டாள்:
பார், குறைவாகவும் இருக்கலாம்.
அந்தக் குறியைத் தினமும் எழுதுகிற அப்பா
ஒன்றும் சொல்லவில்லை.
தாளை நாலாக மடித்து
மின்சாரக் கட்டண ரசீதுகளோடு வைத்தார்.

நாலு மணிக்குக் காற்று வலுத்தது.
கீழே கடற்கரை முழுக்க மூடுபனி,
மேலே வானம் துடைத்த மாதிரி, பாழாய்ப்போன நேரத்தில்.
டோர்பென் கெஞ்சினான், ஒரு பத்து நிமிடம்.
விதி விதிதான். மூடினேன்.
கலாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
யூரோப்பியம் கிடைத்தது, நிறைய.
தூக்கம் வராதவர், உடனே பதில்:
தோண்ட எவ்வளவு ஆழம்?

பதிவேட்டில் எழுதினேன்.
மூடிய நேரம்: நான்கு பத்து.
காரணம்: காற்று.
யூரோப்பியத்துக்குக் கட்டம் இல்லை.