காரணம் என்ற கட்டம்

மன்னார்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே
மனு எழுதுகிறவன் நான்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

நீடாமங்கலம் ரைஸ் மில்லில்
நெல் ஊறும் தொட்டியைக் கழுவ இறங்கிய
வைரக்கண்ணு ஏறி வரவில்லை.
அவர் மனைவி செங்கமலம் உட்கார்ந்திருக்கிறாள்.
"காரணம்" என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.

மூச்சுத்திணறல் என்றேன்.
விஷவாயு என்றேன்.
"புழுக்கம்னு எழுதுங்க."

புழுக்கத்திலா செத்துப்போவார்கள்?
வைகாசியில், நகராத பஸ்ஸுக்குள்
எல்லோரும் சொல்கிற சொல்லாயிற்றே அது.

"தண்ணிய வடிச்சப்புறம்
தொட்டி அடியில ஒண்ணு தங்கும்.
புளிச்ச மாதிரி, சாணி மாதிரி,
ரெண்டும் இல்லாத மாதிரி.
சட்டையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும்.
சின்னவ அவர் தோள்ல ஏற மாட்டா.
எங்க மில்லுல அதுக்கு
வேற பேரு கெடையாது."

ராத்திரி அகராதியைப் புரட்டினேன்.
புழுங்குதல்: அவிதல், வேர்த்தல்,
வெளியே சொல்லாமல் வேகுதல்.
புழுக்கல்: சோறு.
பாணர்கள் வயிறாரத் தின்ற பழஞ்சொல்.
நெல்லுக்கும் ஆளுக்கும் ஒரே வினை.
உள்ளே ஒரு புழு இருக்குமோ என்றும் தேடினேன்.
அகராதி ஒன்றும் சொல்லவில்லை.

புழுக்கம் என்றே எழுதினேன்.
சிவப்பில் சுழித்துத் திருப்பினார்கள்:
தெளிவாக எழுதவும்.

மறுபடி வந்திருக்கிறாள்.
வேண்டாம் என்றாலும் கேட்காமல்
முந்தியை அவிழ்த்து வைத்த
மூன்று பத்து ரூபாய்த் தாளிலும்
அந்த வாசம்.

வாசம் என்று எழுதிவிட்டேன்.
இருக்கட்டும்.