பதினோராம் பக்கம்

தூசிக்காரனுக்கு முகம் கிடையாது.
முதல் இதழிலேயே அப்படி எழுதிவிட்டார்கள்:
புயல் கிளம்பினால் வருவான், அடங்கினால் போவான்,
கண்ணுக்குக் கீழே துணி.
மிச்சம் வரைகிறவர் பாடு.

வஹீத் வரைந்தபோது அவன் ஒரு கட்டடம்.
தோள், நான்கு வழிச் சாலை.
கறுப்பு மையைக் கொட்டிக் கொட்டி
கழுத்தே இல்லாமல் செய்திருந்தான்.
அலெக்ஸாண்ட்ரியாக்காரன், இடுப்புவலிக்காரன்,
நாற்காலியில் இரண்டு தலையணை.
அவனுடைய ஆள் மட்டும் இருபத்திரண்டு பக்கமும்
குனியாமல் நின்றான்.

மாரிசெல் வந்தாள். கோடு மெலிந்தது.
மேலங்கிக்கு முதல் முறையாகக்
காற்று என்றால் என்னவென்று தெரிந்தது.
ஓர் அறையில் ஆறு பேர், அவளுக்கு மேல்தட்டுக் கட்டில்.
அதனால்தானோ என்னவோ
அவளுடைய தூசிக்காரன் எங்கேயும் நுழைவான்,
ஏசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
முழங்காலை மடக்கி, யாரையும் எழுப்பாமல்.
வாசகர்கள் எழுதினார்கள்:
இளைத்துவிட்டான், சோறு போடுங்கள்.

நான் நிறம் போடுகிறவள்.
ஷார்ஜா தொழிற்பேட்டை ஐந்து, டயர் கடைக்கு மேல் மாடி,
ஜன்னலுக்கு வெளியே நிஜத் தூசி.
அது மஞ்சள் இல்லை. யார் சொன்னாலும் இல்லை.
மூன்று மணிக்குத் துலக்காத பித்தளை,
நாலரைக்கு ஆடை படிந்த டீ,
மே மாதம் ஒரு நாள் ரோஸ், சத்தியமாக ரோஸ்.
அந்த இதழுக்கு ரோஸே போட்டேன்.
ஆசிரியர் ஹாஸிம் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை மாரிசெலின் விசா முடிந்தது.
பதினோராம் பக்கம் பென்சிலில்கூட வந்திருக்கவில்லை.
திங்கள் காலை அச்சகம்.
'நீயே வரைந்துவிடு தமயந்தி' என்றார்,
உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பது போல.

ஒரே கட்டம். அவன் பறக்கிறான், அவ்வளவுதான்.
வஹீதின் தோளை வைத்தேன், தரையை விடவில்லை.
மாரிசெலின் முதுகை வைத்தேன், வேறு யாரோ.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
இரண்டையும் அழித்த அழுக்கில்
கை தானாக ஓடி
ஓரிடத்தில் நின்றது.

ஹாஸிம் வெகுநேரம் பார்த்தார்.
பறக்கிறவன் முஷ்டியை முன்னால் அல்லவா நீட்டுவான்?
இதென்ன, இடது கை நேரே மேலே,
விரல்கள் எதையோ பிடித்தபடி?

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.
அஜ்மானிலிருந்து வரும் பேருந்தில்
இடம் கிடைக்காத நாற்பது நிமிடமும்
நான் நிற்பது அப்படித்தான்,
வலது கையில் சாப்பாட்டுப் பை.
நல்லவேளை, பையை வரையவில்லை.

மாற்ற நேரமில்லை. அப்படியே அச்சேறியது.

அடுத்த மாதம் கராச்சியிலிருந்து சஃப்தர்.
'ஆள் எப்படி இருப்பான்' என்று கேட்டான்.
பழைய இதழ்களைக் கட்டாகக் கொடுத்தேன்,
பதினோராம் பக்கம் உள்ளதை அடியில் வைத்து.
டீ ஆறும்வரை புரட்டினான், நகத்தைக் கடித்தபடி.
கடைசிப் புத்தகத்தில் நிறுத்தி,
படத்தின் மேல் விரலை வைத்து,
'கம்பி எங்கே?' என்றான்.