மூன்றாம் எண் உணரி

ராஸ் அல் கைமாவில்
மலையை அரைத்து ஓடு செய்கிறார்கள்.
உடைந்த ஓடு யாருக்கும் வேண்டாம்.
ஆலையின் பின்வாசலில்
குளியலறைப் பூக்களும் பாதி மீன்களுமாய்க் கிடந்த குவியலில்
பதினாறு சாக்கு கேட்டு வாங்கினோம்
யாசியாவும் நானும்.
அவள் அண்ணனின் லேண்ட் க்ரூசர்
அன்றைக்கு மட்டும் லாரி.

இடித்தோம். சலித்தோம்.
ஜல்லிக்குப் பதில் ஓட்டுச்சில்,
நூற்றுக்கு முப்பது, நாற்பது, ஐம்பது.
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்த கட்டிகளை
அழுத்த இயந்திரத்தில் வைத்தபோது
ஐம்பது, பிஸ்கட் மாதிரி போனது.
நாற்பது நின்றது.
ஆய்வுக்கூடத்து வர்க்கிச் சேட்டன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"கொள்ளாம்" என்றார்.
அந்த வருடம் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு.

நாற்பதில் ஒரு சுவர் வார்த்தோம்.
ஆள் உயரம், உடம்பெல்லாம் துளை.
பேருந்து நிறுத்தத்தில் மேற்கு வெயிலைத் தடுக்க.
துளையின் சாய்வுக்கு
யாசியா பதினோரு வரைபடம் போட்டாள்.
பன்னிரண்டாவதை நான் போட்டேன், கோணம் தப்பாக.
அதுதான் தேறியது.

வளாகத்தின் பின்புறம், நாற்றங்காலுக்குப் போகும் வழியில்
ஒரு மாதிரி நிறுத்தம்.
மேலே இரவல் தகரக் கூரை, மேற்கே எங்கள் சுவர்.
ஆறு உணரிகள்.
பத்து நிமிடத்துக்கு ஒரு வெப்பநிலை.
ஜூலை.

வரைகோடு ஏறவேண்டிய மாதிரியே ஏறியது,
காலையில் சோம்பலாய், பத்து மணிக்கு மேல் வெறியாய்.
மூன்றாம் எண் மட்டும்
தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு
நான்கு டிகிரி தொபுக்கென்று விழும்.
மூன்று மணிக்கு மெல்ல எழுந்து
மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்,
வகுப்புக்குத் தாமதமாய் வந்தவன் போல.
ஞாயிறு விழாது.

கம்பி மாற்றினோம்.
பேட்டரி மாற்றினோம்.
ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம்,
பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றுதான் சொன்னது.
வார விடுமுறை எடுக்கும் உணரிக்கு
யாசியா ஓர் ஊழியர் அட்டை செய்து ஒட்டினாள்.
டாக்டர் முக்தார் திரையைப் பார்த்தார்.
"வழிதவறிய எண்கள். நீக்கிவிடுங்கள்,
கட்டுரை பிழைக்கும்."

நீக்குவதற்கு ஒரு பொத்தான் போதும்.
முன்னூற்று இருபத்திரண்டு கட்டங்கள்
நீலமாகிக் காத்திருந்தன.
விரலை எடுத்துக்கொண்டு,
குடையையும் எடுத்துக்கொண்டு,
நடந்தேன்.

மதிய இடைவேளை.
தோட்டத்து மொஃபிசுல்
கூரைக்குக் கீழே தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.
தலையில் கட்டும் கம்ச்சாவை
பேரீச்சைக்குப் போகும் குழாயில் நனைத்து
மூன்றாம் வரிசைத் துளைகளில் முனை செருகி
விரித்திருந்தார்.
காற்று அதற்குள் நெருப்பாய்ப் போய்
இந்தப் பக்கம் வேறாக வந்தது.
"உட்காரு, இங்கே ஏசி" என்றார் இந்தியில்.
மீன் குழம்பு வாசனை.
முதுகில் எங்கள் சுவர்.
எட்டு மாதமாக அதை
அளந்திருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன்,
படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.
சாய்ந்தது அன்றுதான்.

துளை சின்னது, துணி நழுவுகிறது,
கல் செருக வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டார்.
குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து
முன்னூற்று இருபத்திரண்டையும் நீலத்திலிருந்து விடுவித்தேன்.
டாக்டர் முக்தார் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் கேட்டார்:
"கடல் காற்று புழுங்கும் நாளில் உங்கள் துணி என்ன செய்யும்?"
ஒன்றும் செய்யாது.
ஆகஸ்டில் அதையும் அளந்தோம்.
ஐந்தாம் அட்டவணை முழுக்க அதுதான்,
தோற்ற நாட்கள், தேதி வாரியாக.

இரண்டாவது வார்ப்பில்
ஒவ்வொரு மூன்றாம் துளைக்கும் கீழே
விரல் நீளத்துக்கு ஒரு கொக்கி வைத்தோம்.
வரைபடத்தில் அதற்கு
வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்.
நாங்கள் கம்ச்சா என்போம்.

நேற்று மொஃபிசுல் வழியில் நிறுத்தினார்.
கொக்கி கூராக இருக்கிறதாம்,
துணி கிழிகிறதாம்.
வர்க்கிச் சேட்டனிடம் அரம் கேட்டிருக்கிறேன்.