ஈரக் குடை

காது கேளாதவர்களுக்காக
ஓசைகளை எழுத்தாக்குவது என் பிழைப்பு.
[கதவு கிரீச்சிடுகிறது]
[தொலைவில் ரயில்]
[யாரோ மூச்சை அடக்குகிறார்]

இந்த வாரம் வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்.
கொலையாளியின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள்,
அவன் கண்ணை மட்டும் நமக்கு இரவல் தருவார்கள்.
அவனோடு தோட்டத்தில் நிற்கிறோம்.
திரைச்சீலை இடுக்கில்
ஒருத்தி காதணியைக் கழற்றுகிறாள்.
ஒன்பது நிமிடம் வசனம் கிடையாது.
எழுத ஒன்றுமில்லாத அந்த ஒன்பது நிமிடமும்
மணிக்கணக்குச் சம்பளத்தோடு
நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வெளியே போய்த் திரும்புகிறாள்.
வாசலில் குடைதாங்கி. அதில் ஒரு குடை,
அவளுடையதல்ல,
நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது.
கவனிக்காமல் மாடிப்படி ஏறுகிறாள்.
நான்கு நொடி, குடை மட்டும்.
யாரும் சொல்ல வேண்டியதில்லை:
ஆள் உள்ளே இருக்கிறான்.

பைரோஜா அலுவலகத்திலிருந்து கேட்டாள்,
"குடைக்கு ஏதாவது போட்டியா?"
[நீர் சொட்டுகிறது] என்று போட்டேன்.
"போதும். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும்."

பெண்டமியரில் பதினோராம் மாடி என் வீடு.
எதிர் புளோக்கின் சமையலறைகள்
இருட்டியதும் ஒவ்வொன்றாகப் படம் காட்டும்.
வேடிக்கை பார்ப்பது என்று இதற்கு நம் மொழியில் பெயர்.
குற்றம் ஒட்டாத சொல், நல்லவேளை.

பத்தாம் மாடி, இடமிருந்து மூன்றாவது ஜன்னல்.
வெள்ளை பனியன் போட்ட சீனக் கிழவர்.
ஒன்பது மணிக்கு ஓர் ஆரஞ்சு, ஒரு கத்தி.
தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பார்,
உரித்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.
ஒருநாள் கனத்த பை ஒன்றை
தரையோடு இழுத்துக்கொண்டு போனார்.
அன்றிரவு என் தலைக்குள்
ஒரு முழுக் கொலைப்படம் ஓடியது.
மறுநாள் பார்த்தால், பழைய தொலைக்காட்சிப் பெட்டி.
எனக்கு ஏமாற்றம்.
அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய் இரவு மூங்கில் கழியில்
ஒரு சட்டையை மாட்டினார், நீலக் கோடு போட்டது.
புதன் மதியம் மழை.
புளோக் முழுக்கக் கழிகள் உள்ளே போயின,
தடதடவென்று, மாடி மாடியாக.
ஒன்று போகவில்லை.
வியாழனும் நனைந்தது. வெள்ளியும்.
ஒரு கை மட்டும் கிளிப்பிலிருந்து நழுவி
காற்றில் மெல்ல அசைந்தது.
நல்ல ஷாட், என்று நினைத்தேன்.
அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன்.

நாலு நாள் அந்த ஜன்னலில்
பகலிலும் விளக்கு எரிந்தது.
நான் மேசைக்குத் திரும்பி
நொடிக் கணக்கைச் சரிபார்த்தேன்,
குடை வரும் இடம் துல்லியமாக இருக்க வேண்டுமே.

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் போலீஸ் கார்.
முகக்கவசம் போட்ட இருவர் மின்தூக்கிக்குக் காத்திருந்தார்கள்.
பக்கத்து வீட்டு ரொஹாயா
மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு அழுதாள்.
இள வயது அதிகாரி கூட்டத்தைக் கேட்டார்,
"கடைசியாக அவரை யாராவது எப்போது பார்த்தீர்கள்?"

எனக்குத் தெரியும்.
செவ்வாய், இரவு ஒன்பது பதினான்கு.
சட்டையை மாட்டிவிட்டு
இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
அன்று ஆரஞ்சு உரிக்கவில்லை.
சொன்னால், எங்கிருந்து பார்த்தாய் என்பார்கள்.
அண்ணாந்து என் ஜன்னலைக் காட்ட வேண்டும்.
கவனிக்கவில்லை, என்றேன்.
[மழை வலுக்கிறது]

அன்றிரவு கையுறை போட்ட யாரோ
அந்தக் கழியை உள்ளே இழுத்தார்கள்.
சட்டையின் கை கடைசியாகப் போனது.

என் அறை விளக்கை அணைத்தேன்.
அணைத்தால் எதிர்ப்பக்கம்
இன்னும் தெளிவாகத் தெரியும்
என்பது உறைக்க
மறுபடி போட்டேன்.
கண்ணாடியில் ஒருத்தி நின்றாள்,
அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது படம்.