ஒண்டு, ரெண்டு, அஞ்சு, பதினாலு

மயிலிட்டியில் கனகசூரியத்தின் வளவுக்கு ஐந்து மூலை.
ஏனென்று உறுதியில் எழுதவில்லை.
கம்பிவேலியைப் பின்னுக்கு எடுத்து மூன்று மாதம்.
எல்லைக்கல் இரண்டு அகப்பட்டன,
மிச்சம் மூன்றையும் பழைய வரைபடத்தை வைத்து
பற்றைக்குள் தேடி நட்டோம்.

முக்கோணங்களாகப் பிரித்தால்தான் விஸ்தீரணம் வரும்.
மூலைக்கு மூலை நூல் பிடிக்க வேண்டும்,
நூலை நூல் வெட்டக் கூடாது.
ஐந்து மூலைக்கு அப்படி ஐந்து வழி.
முதலாவதில் கிணறு குறுக்கே நின்றது.
இரண்டாவதில் யாரோ கட்டிவிட்டுப் போன கொங்கிறீற்றுத் தளம்.
நாலாவதை எடுத்தேன்.
எந்த வழியால் வந்தாலும் ஏழு பரப்பு, நாலு குழி,
அண்ணன் தம்பிக்குள் அதே கோபம்.

பின்னேரம் பக்கத்து வளவு. ஆறு மூலை. பதினாலு வழி.
அதற்கங்கால் ஏழு மூலை. நாற்பத்திரண்டு.
நாலு மூலைக்கு இரண்டே இரண்டு,
மூன்று மூலைக்கு ஒன்று, அதை வெட்டவே தேவையில்லை.
ஒண்டு, ரெண்டு, அஞ்சு, பதினாலு, நாப்பத்திரண்டு:
எண்ணப் பழகாத பிள்ளை
பிடித்த எண்ணில் மட்டும் கால் வைத்துப் போகிற மாதிரி.

இரவு எமில்டாவுக்குச் சொன்னேன்.
குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுப் பதிவேடு அவளிடம்.
“மூண்டு படகு எண்டு வை,” என்றாள்.
“போகாத படகு வராது. போனது எல்லாம் பொழுதுபட முன்னம் வரவேணும்.
எத்தினை மாதிரி எழுதலாம்?”

போ போ போ வா வா வா
போ போ வா போ வா வா
போ போ வா வா போ வா
போ வா போ போ வா வா
போ வா போ வா போ வா

ஆறாவது உண்டோ என்று இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். இல்லை.
நாலு படகுக்கு அவள் தனியே எண்ணினாள்,
பதினொன்றரைக்குத் திரும்ப எடுத்தாள்.
“பதினாலு. உன்ர வளவு
என்ர கடலுக்கை என்ன செய்யுது?”

எனக்கும் தெரியாது.
சந்தித் தேத்தண்ணிக் கடையில் வட்ட மேசைக்கு ஆறு பேர்,
கைக்குக் குறுக்கே கை போகாமல் சோடி சோடியாகக் கை குலுக்கினால்: அஞ்சு.
நாலு எண்ணை வரிசை மாறாமல் பெருக்க
அடைப்புக்குறி போடும் விதம்: அஞ்சு.
பூவரசங் கதியால் மூன்று தரம் இரண்டிரண்டாய்க் கவர் விட்டால்: அஞ்சு.
ஒரே ஆள்
ஒவ்வொரு விதானையாரிடமும்
ஒவ்வொரு விலாசத்தில் பதிந்திருக்கிற மாதிரி.

இங்கே ஒருவரும் “போறன்” என்று சொல்வதில்லை.
“போட்டு வாறன்.”
திறக்கிற குறியும் மூடுகிற குறியும் ஒரே மூச்சில்.
இந்த வரிசை எண்ணுவது அப்படி மூடியவற்றைத்தான்,
அல்லது அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எமில்டாவுக்கு முன்பிருந்தவர் விட்டுப்போன கொப்பியில்
ஒரு பக்கம்.
போ நாலு. வா மூன்று.
கீழே கோடு இல்லை, கூட்டு இல்லை,
மற்ற நாள் மற்றப் பக்கத்தில் தொடங்குகிறது.
பெயர் அவளுக்குத் தெரியும். எனக்குச் சொன்னதில்லை.
“இது உன்ர கணக்கில சேராது, என்ன?” என்றாள்.

கடலையைச் சுற்றி வந்த தாளில் எண்ணிப் பார்த்தேன்.
நாலு போ, மூன்று வா,
போகாத படகு வராது.
பதினாலு.
பிழையென்று திரும்ப எண்ணினேன். பதினாலு.
நாலும் வந்த நாளுக்கும் அதுதான்,
மூன்று மட்டும் வந்த நாளுக்கும் அதுதான்.
ஏனென்றால் அந்தக் கடைசி வா-வுக்கு
வேறு இடமே கிடையாது,
வரியின் முடிவில் ஒரே ஒரு இடம்,
அதில் வேறெதையும் எழுத முடியாது.

சொன்னேன்.
கனநேரம் காற்று மட்டும் கேட்டது, அல்லது கடல்.
“எப்ப எண்டு சொல்லுமோ?”
“இல்லை. எங்கை எண்டு மட்டும்தான்.”

விடியப் பலாலி வீதியில் எனக்கு வேலை. எட்டு மூலை,
நூற்றி முப்பத்திரண்டு வழி, மழை வேறு.
பிறகொரு நாள் சொன்னாள்,
அந்தப் பக்கத்தில் மூன்றாவது வா-வுக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளி வைத்தாளாம்.
பேனையால் இல்லை. பென்சிலால்.